பதினொரு மணிக் காற்று

எங்கள் தெருவில் எனக்கு மழைக்காரி என்று பெயர். துறைமுகச் சாலையில், சரக்குப் பெட்டிகளுக்கான ஆவணங்களைத் தயார் செய்யும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அது யாருக்கும் நினைவிருக்காது. மொட்டைமாடியில் மழைமானி வைத்திருப்பவள், மேகப் படம் பார்த்துக்கொண்டே குழம்பைத் தீய விடுகிறவள் என்றுதான் பேச்சு. "என்ன மழைக்காரி, இன்னைக்காவது உண்டா?" என்று பால் ஊற்றுகிறவர் தினமும் கேட்பார். தூத்துக்குடியில் மழைக்கு அலைகிறவளை அப்படித்தான் கேட்பார்கள். ஒருமுறை தெற்கே கறுத்து வந்த மேகத்தைப் பிடிக்க ஸ்கூட்டியில் காயல்பட்டினம் வரை போனேன். அங்கே போனால் மேகம் திருச்செந்தூருக்குப் போய்விட்டது என்றார்கள். ஒரு சொட்டு நனையாமல் திரும்பி வந்தேன். அன்று தெருவே சிரித்தது.

என்னைப் போன்ற கிறுக்குகள் இன்னும் சிலர் உண்டு. நாசரேத்தில் ஒரு கணக்கு வாத்தியார், ஆழ்வார்திருநகரியில் ஒரு மருந்துக்கடைக்காரர். காலை எட்டரை மணிக்கு அவரவர் வீட்டு மழைமானியைப் பார்த்து, வாட்ஸ்அப் குழுவில் அளவைப் போடுவோம். பெரும்பாலும் பூஜ்யம்தான். அந்தப் பூஜ்யத்தையும் ஒருநாள் விடாமல் போடுவோம். குழுவுக்கு நான்தான் அட்மின்.

பிறகு உப்பளத்துக்காரர்கள் சேர்ந்தார்கள், வள்ளத்துக்காரர்களின் வீட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களுக்கு மழை அளவு வேண்டாம். நாளைக்குக் காற்று எப்படி, எத்தனை மணிக்கு ஏறும், அது மட்டும் தெரிந்தால் போதும். அரசாங்க எச்சரிக்கை வந்துவிட்டால் யாரும் கடலுக்குப் போகப்போவதில்லை. ஆனால் எச்சரிக்கை விடுமளவுக்கு எட்டாத காற்று என்று ஒன்று இருக்கிறது. பெரிய விசைப்படகு அதைக் கண்டுகொள்ளாது, சின்ன வள்ளத்தை அது படுத்தி எடுத்துவிடும். அந்தக் காற்றைத்தான் நான் தினமும் சாயங்காலம் குரல்பதிவில் சொல்லி வந்தேன். சொன்னது பலித்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. நன்றி சொல்லி வரும் செய்திகளைப் படம்பிடித்து வைத்துக்கொள்வேன். அப்படி ஒரு தனி ஆல்பமே என் போனில் இருந்தது. இதை எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் இருந்ததைத்தானே சொல்ல வேண்டும்.

காற்றைக் காட்டும் வரைபடங்களில் உள்ள நேரம் நம் நேரம் இல்லை. உலகத்துக்கெல்லாம் பொதுவாக லண்டன் பக்கத்து நேரத்தில்தான் போட்டிருப்பார்கள். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம் வரும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஆரம்பத்தில் இதில் தடுமாறுவார்கள். எனக்கு அந்தத் தடுமாற்றமெல்லாம் எப்போதோ போய்விட்டது. படத்தில் ஆறு என்று கண்டால் என் வாய் பதினொன்றரை என்றுதான் சொல்லும்.

அது வாடைக்காற்று அடிக்கும் காலம். இலங்கைக்குக் கிழக்கே சின்னதாக ஒரு காற்றுச் சலனம் இருந்தது, எச்சரிக்கை எதுவும் இல்லை. மூன்றாவது சந்தில் சங்கு குளிக்கிறவன் ஒருவன் இருக்கிறான். அவனும் அவன் மனைவியின் தம்பியும் ஒரு ஃபைபர் வள்ளத்தில் கரைக்கு எதிரே உள்ள தீவைத் தாண்டிப் போவார்கள். அவன் முங்கிச் சங்கு எடுப்பான், தம்பி மேலே வள்ளத்தைப் பார்த்துக்கொள்வான். அவன் மனைவி என் குழுவில் இருந்தாள். நான் பேசி அனுப்புவதை அவள் போனில்தான் அவன் கேட்பான். முந்தின நாள் சாயங்காலம் எனக்குத் தனியாகவும் போன் போட்டுக் கேட்டாள்.

"யக்கா, நாளைக்கு இவுகள அனுப்பலாமா?"

"தாராளமா அனுப்பு. நாலரைக்கு மேலதான் காத்து ஏறும். மூணு மணிக்குள்ள கரைக்கு வந்துரச் சொல்லு."

"நாலரை உறுதிதானக்கா?"

"நான் என்னைக்குளா தப்பாச் சொல்லிருக்கேன்?" என்றேன். இதை அப்படியே, இந்த வார்த்தைகளில் கேட்டேன்.

மறுநாள் எனக்கு விடுமுறை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பதினொன்று இருக்கும், அவள் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தாள்.

"யக்கா, காத்து வந்துட்டுக்கா."

"சும்மா கெடளா. இது வெயிலுக்கு வார கடக்காத்து. செத்த நேரத்துல அடங்கிரும்."

"கடக்காத்து இப்படியா வரும்? துணி பறக்குதத பாருங்க."

துணி பறக்கத்தான் செய்தது. நான் கிளிப்பை இறுக்கிப் போட்டுக்கொண்டே, நிலம் சூடானால் கடலிலிருந்து காற்று எப்படி வரும் என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன். அவள் கேட்கவே இல்லை. கிழக்கே பார்த்து, "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டு நின்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் பார்த்து வருகிறேன், ஒருநாள் காற்றுக்கு இவ்வளவு சந்தேகமா என்று இருந்தது. போனை எடுத்து, முந்தின நாள் பார்த்த வரைபடத்தைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இந்தா, நீயே பாரு. இந்தக் கோடு ஏறுதுல்லா, அதுதான் காத்து."

அவள் அந்தக் கோட்டை விட்டுவிட்டுக் கீழே இருந்த எண்ணைப் பார்த்தாள். "பதினொன்னுன்னுல்லாக்கா போட்டிருக்கு?"

"அது லண்டன் நேரம்ளா. அஞ்சரை கூட்டணும்." எங்கே அப்படிப் போட்டிருக்கிறது என்று காட்டுவதற்காகப் படத்தைப் பெரிதாக்கினேன். மூலையில் பொடி எழுத்தில் உள்ளூர் நேரம் என்று இருந்தது.

அந்தப் படம் வரும் இணையதளத்தைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். பார்க்கிறவர் எந்த ஊரோ அந்த ஊர் நேரத்தையே அது காட்டத் தொடங்கியிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. பதினொன்றைக் கண்டதும் பழக்கதோஷத்தில் ஐந்தரையைக் கூட்டி நாலரை என்று சொல்லிவிட்டேன். ஒன்றும் தெரியாத யாராவது பார்த்திருந்தால் பதினொன்று என்று சரியாகச் சொல்லியிருப்பார்கள்.

"வா, கடற்கரைக்குப் போவோம்" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. தம்பியின் போனுக்கு நான் திரும்பத் திரும்ப அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கரையில் நின்ற விசைப்படகு அண்ணாச்சி ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். வெளியே இருந்த படகுகளுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லிப் பார்த்தார். எந்தப் படகும் அந்த வள்ளத்தைப் பார்க்கவில்லை. கடல் முழுக்க வெள்ளை நுரையாக இருந்தது. காற்று படத்தில் இருந்தபடியே இம்மி பிசகாமல் அடித்துக்கொண்டிருந்தது.

மீன் ஏலக்கூடத்து நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது. ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. அன்றைக்கு எந்தெந்தச் சாமியையோ கூப்பிட்டேன்.

மூன்றுக்குக் கொஞ்சம் முன்னால் வள்ளம் வந்தது. இரண்டு தலையும் தெரிந்ததும் அவள் எழுந்து தண்ணீருக்குள் ஓடினாள். நான் அவர்கள் மணலுக்கு வந்த பிறகுதான் பக்கத்தில் போனேன். தம்பியின் இரண்டு உள்ளங்கையும் கயிறு அறுத்து ரத்தமாக இருந்தது. சங்கு குளிக்கிறவன் மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, கடல் தண்ணீரைக் கக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"காத்து நம்மள ஏமாத்திட்டுக்கா. பதினோரு மணிவாக்குலயே புடிச்சிட்டு. இவன் அப்பமே திரும்புவோம் திரும்புவோம்னான். நான்தான் ஏசினேன். ஏலே, அக்கா நாலரைன்னு சொல்லிருக்காவ, அவுகளுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிட்டுன்னு. பெறவும் ரெண்டு முங்கு போனேன். கடைசி முங்குல மேல வந்து பாக்கேன், வள்ளத்தக் காணல. நங்கூரம் இழுத்துட்டுப் போயிருக்கு. நீந்தி நீந்தி கை ஓஞ்சி போச்சிக்கா. இவன் தலைமயிரப் புடிச்சித் தூக்கலன்னா நான் அங்கனயே போயிருப்பேன்."

தம்பி கையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"காத்து ஏமாத்தல. நான்தான் தப்பாப் படிச்சிட்டேன். பதினொன்னுன்னுதான் போட்டிருந்திச்சி" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சரி விடுங்கக்கா, உசுரோட வந்துட்டம்லா" என்றான். அவன் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. அவனைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். மூவரும் மேட்டில் ஏறிப் போனார்கள்.

சாயங்காலம் வழக்கமான நேரத்துக்குக் குழுவில் பேசினேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். எந்த இடத்தில் தப்பு, ஏன் தப்பு, அந்தத் தளத்தைப் பார்க்கிறவர்கள் இனி எதைக் கவனிக்க வேண்டும் என்று எல்லாம். ஐந்து நிமிஷத்தில் கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளும் வந்து குவிந்தன. நாசரேத் வாத்தியார், இப்படி ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் என்று எழுதினார். மருந்துக்கடைக்காரர், உங்கள் நேர்மைக்குத் தலை வணங்குகிறேன் என்றார். சங்கு குளிக்கிறவன் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி ஒருத்திகூட, சூப்பர் அக்கா என்று போட்டிருந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு ஆள் நடுக்கடலில் தண்ணீர் குடித்திருக்கிறான், இவர்கள் எனக்குப் பூ போடுகிறார்கள். ஆனாலும், சொல்வதற்கென்ன, ஒவ்வொன்றையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தப் பூக்களுக்கு நடுவே ஒரு வரி வந்தது. சங்கு குளிக்கிறவன் மனைவி குழுவை விட்டு வெளியேறியிருந்தாள். அந்த வரி அட்மினுக்கு மட்டும்தான் தெரியும், மற்றவர்கள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போதும் தெருவில் கண்டால் அவன் கையை ஆட்டுவான், ஆனால் நாளைக்குக் காற்று எப்படி என்று கேட்பதில்லை. அவள் எண் என் போனில் இருக்கிறது. அட்மின் நினைத்தால் யாரையும் திரும்பச் சேர்க்கலாம். எனக்குக் கை வரவில்லை.