பொட்டு சுட்டால் கேமராவில் கோளாறாம்

செவ்வாய்ப்பேட்டை கௌசியாவுக்கு வாய் நீளம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியாக அப்படிச் சொன்னவர் எங்கள் மில்லின் மெயின்டனன்ஸ் மேனேஜர் பிரபாகர். அவருடைய வாயின் நீளத்தை எங்கள் மில்லில் யாரும் அளந்து பார்த்ததில்லை. அளந்திருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

என் பெயர் வசந்தாமணி. திருச்செங்கோட்டுக்கு வெளியே ஒரு நூல் மில்லில் ஸ்டோர் பார்க்கிறேன். போல்ட், பேரிங், பெல்ட், துடைக்கிற கழிவுத்துணி எல்லாம் என் கையெழுத்தில்தான் வெளியே போகும். மேனேஜருக்குக் கடிதம் டைப் அடித்துக் கொடுப்பதும் என் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள்.

கௌசியா சேலத்தில் அளவுக் கருவிகள் விற்று, ரிப்பேரும் செய்யும் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்த்தாள். அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மளிகை மொத்த வியாபாரம். இவள் எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தபோது, பெண்பிள்ளை கரண்டோடு என்ன மல்லுக்கட்டப் போகிறாள் என்று சொந்தத்தில் பாதிப் பேர் கேட்டார்களாம். மீதிப் பேர் கேட்காமலே சிரித்தார்களாம். அவள் ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டு மேட்டூர் வரைக்கும், வாழப்பாடி வரைக்கும் தனியாகப் போய்வருவாள். பைக்குள் இருப்பது சூட்டைப் படம் பிடிக்கிற கேமரா. கையில் பிடித்துக் குறி வைத்தால், குளிர்ந்த இடம் நீலமாகவும் சுடுகிற இடம் மஞ்சளாகவும் வெள்ளையாகவும் திரையில் தெரியும். கம்பியில் எந்த இணைப்பு சூடேறுகிறது என்று தொடாமலே கண்டுபிடித்துவிடலாம்.

போன ஆடியில் எங்கள் மில்லுக்கும் ஒன்று வாங்கலாம் என்று பிரபாகர் சாருக்கு ஆசை வந்தது. கௌசியா மூன்று கேமராக்களைக் கொண்டுவந்தாள். அவர் ஏசி அறையிலேயே பார்த்து முடித்துவிடலாம் என்றார். அவள் கேட்கவில்லை. நேராக டிரான்ஸ்பார்மர் யார்டுக்குக் கூட்டிப்போனாள். வெயிலில் முதல் கேமராவின் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. முக்காட்டை முன்னால் இழுத்துத் தன் தலைக்கும் கேமராவுக்கும் சேர்த்து நிழல் போட்டுக்கொண்டு, "வெளியில பாக்கறவங்களுக்கு இது ஆவாது சார். ஒவ்வொரு தடவையும் இப்படி முக்காடு போடணும்" என்றாள்.

இரண்டாவதற்குத் திரை பெரிது, கலர் அள்ளும். அதுதான் சாருக்குப் பிடித்தது. "இதுக்குத் திரைதான் பெருசு, கண்ணு சிறுசு சார்" என்றாள் கௌசியா. "வேலிக்கு வெளியில நின்னு பார்த்தா, சுடற போல்ட்டையும் பக்கத்துல இருக்கற ஆறின கம்பியையும் ஒண்ணாக் கலந்து சராசரிதான் சொல்லும். மூணாவது பாக்க லட்சணமா இல்ல. ஆனா நல்ல கண்ணு. தூசி, மழை தாங்கும். எதை வாங்கினாலும் உச்சி வெயில்ல பாக்காதீங்க. காலைல பொழுது ஏறறதுக்கு முன்னாடி, மில்லு முழுசா ஓடறப்பப் பாருங்க."

அவர் இரண்டாவதை வாங்கினார். வாங்கிப் பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்த்தார்.

ஆயுத பூஜைக்கு எங்கள் மில்லில் ஒன்றரை நாள் ஓட்டம் நிற்கும். அன்றைக்குத்தான் யார்டைச் சுத்தம் செய்வோம். டிரான்ஸ்பார்மரிலிருந்து மில்லுக்குள் கரண்ட் போகிற அலுமினியப் பட்டைகளில் மொத்தம் பன்னிரண்டு இணைப்புகள். எலக்ட்ரீசியன் சின்னராஜ் அண்ணன் அவற்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது போல்ட் மாட்டி, பட்டைகளை வெள்ளித் தட்டு கணக்காக ஆக்கிவிடுவார். பிறகு ஒவ்வொரு இணைப்பின் மேலும் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைப்பார். முப்பது வருடமாக அப்படித்தான். அந்த வருடம் நல்ல நேரம் முடியப்போகிறது என்று பிரபாகர் சார் கீழே நின்று கத்திக்கொண்டே இருந்தார். முதலாளி வீட்டுக்காரர்கள் வந்து பொரிக்கும் பழத்துக்கும் காத்திருந்தார்களாம்.

பத்து நாள் கழித்து, கேமரா ரிப்பேர் என்று சார் சேலத்துக்கு போன் போட்டார். கௌசியா ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தாள்.

"ஏம்மா, என்னத்தையம்மா எந்தலைல கட்டினே? பட்டை சுடலீங்குது, பொட்டு மட்டும் சுடுதுங்குது. அதுவும் பன்னெண்டுல ஒரே ஒரு பொட்டு!"

கௌசியா கேமராவை வாங்கினாள். லென்ஸில் கட்டைவிரல் ரேகை அப்பியிருந்தது. துடைத்தாள். கேன்டீனிலிருந்து பிளாஸ்டிக் மக்கில் ஐஸ் தண்ணீரும் அடுப்பில் கொதிக்கிற தண்ணீரும் கேட்டாள். ஐஸைக் காட்டினால் ஒரு டிகிரி, கொதிக்கிற தண்ணீரைக் காட்டினால் தொண்ணூற்றாறு. "கேமரா நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு யார்டுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

மில் கேமராவில் அந்தப் பொட்டு அறுபத்தைந்து காட்டியது. தன் பையிலிருந்த கேமராவை, ஆடியில் சார் வேண்டாமென்ற அந்த மூன்றாவது ரகத்தை, எடுத்துப் பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு. மற்ற பதினொரு பொட்டும் ஐம்பதைத் தாண்டவில்லை. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த இணைப்புக்கு நேர் கீழே, ஒரு கை தூரத்தில், மீட்டர் பெட்டி இருக்கிறது. சின்னராஜ் அண்ணன் மணிக்கொரு தடவை அந்தக் கதவைத் திறந்து, முகத்தை உள்ளே நீட்டி ரீடிங் எடுப்பார்.

"சார், இந்த ஜாயிண்ட் லூசா இருக்குது. இன்னிக்கே நிறுத்திப் பிரிக்கணும். வெடிச்சா கீழ நிக்கறவரு மூஞ்சில அடிக்கும்."

"அப்ப ஏன் பட்டை சுடலீங்குது? சந்தனம் குளிர்ச்சின்னு சின்னக் கொழந்தைக்கும் தெரியும். உன்ர கேமராவுக்குத் தெரியல."

அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். வாய் நீளம் என்கிறவர்கள் அந்தப் பொறுமையைப் பார்த்திருக்க வேண்டும். எங்களைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய், பளபளவென்று விளக்கிய எவர்சில்வர் சொம்பில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள். கேமரா அதற்கு முப்பத்தைந்து என்றது. "தொட்டுப் பாருங்கக்கா" என்றாள். தொட்டேன், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். பிறகு சொம்பில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டினாள். டேப் மட்டும் தொண்ணூறு காட்டியது.

"பளபளப்பு தன் சூட்டை வெளிய காட்டாது சார். கண்ணாடி மாதிரி எதிர்ல இருக்கறதத்தான் காட்டும். யார்டுல எதிர்ல இருக்கறது வானம். அது கேமராவுக்கு ஐஸ் மாதிரி. பொட்டு மங்கலா இருக்கறதால அது மட்டும்தான் உண்மையைச் சொல்லுது. அந்தப் பன்னெண்டு பொட்டும் இல்லேன்னா உங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

எட்டாவது வரைக்கும் படித்த கேன்டீன் சௌந்திரத்துக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்தது. பி.இ. படித்த பிரபாகர் சார், "சொம்பு வேற, டிரான்ஸ்பார்மர் வேற" என்றார். வெளிநாட்டு ஆர்டர் ஓடுகிறது, இந்த வாரம் மில்லை நிறுத்தினால் முதலாளிக்கு யார் பதில் சொல்வது என்பதுதான் அவர் கவலை. அதை நேராகச் சொல்லித் தொலைத்திருக்கலாம். சந்தனத்தின் மேல் பழி போட்டார்.

மறுநாள் மதியம் லைனில் கரண்ட் போனது. கால் மணி நேரம். "அந்தப் பொட்டையெல்லாம் தொடச்சுட்டு வாங்க" என்று சார் சின்னராஜ் அண்ணனை அனுப்பினார். "சார், அப்படியே அந்த ஜாயிண்ட்டையும் பிரிச்சுப் பாத்துடட்டுங்களா?" என்று அண்ணன் கேட்டார். "கரண்ட் வந்த நிமிசம் மில்லு ஓடோணும். தொடைக்கச் சொன்னாத் தொடைங்க." அண்ணன் ஸ்டோருக்கு வந்து துணி கேட்டார். எதற்கென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்தேன், பதிவேட்டில் எழுதவும் எழுதினேன். அந்த நேரத்தில் என் வாய் ஏன் நீளவில்லை என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

கரண்ட் வந்தது. சார் கேமராவைப் பிடித்தார். பட்டை முழுக்க ஒரே நீலம். வெற்றி பெற்றவர் மாதிரி அறைக்கு வந்து சேலத்துக்கு போன் செய்தார். கேமரா சரியாகிவிட்டது, வியாழக்கிழமை சொன்னது தப்பு என்று அந்தப் பெண் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்றார்.

சனிக்கிழமை கௌசியா வந்தாள். யார்டைப் பார்த்ததும் அவளுக்குக் கண் சிவந்தது.

"யாரு சார் தொடைக்கச் சொன்னது?"

"இப்ப கேமரா கரெக்டாக் காட்டுதுல்ல? கையெழுத்தப் போடு."

"கேமரா கண்ண நீங்களே கட்டிட்டு, நல்லாப் பாக்குதுங்கறீங்க. போட மாட்டேன்."

அவர் அங்கேயே அவளுடைய கடை முதலாளியைக் கூப்பிட்டு போனை அவள் காதில் கொடுத்தார். அந்தப் பக்கம் பேசியது எனக்கும் கேட்டது. பெரிய மில்லும்மா, போட்டுட்டு வந்துரு என்றார் முதலாளி. "இது பொய்யுங்க பாய். இங்க ஒருத்தரு இதுக்கு நேரா நிக்கறாரு" என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மணி பதினொன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. சின்னராஜ் அண்ணன் ரீடிங் நோட்டோடு யார்டுக்குள் வந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தக் கதவுகிட்டப் போவாதீங்க!" என்று கௌசியா கத்தினாள். மில் இரைச்சலைத் தாண்டிக் கேட்கிற கத்தல். அண்ணன் நின்றார். அவளைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். பிறகு நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, பேனல் அறைக்குப் போய் மெயினை அணைத்தார்.

மில் மொத்தமும் நின்றது. அத்தனை இரைச்சலும் அடங்கினால் காது வலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சார் என்னென்னவோ கத்தினார், எல்லாம் எழுதக்கூடிய வார்த்தை இல்லை. அண்ணன் காதில் வாங்கவில்லை. பட்டையில் மின்சாரம் இல்லை என்று சோதித்து, எர்த் மாட்டி, ஏறி அந்த இணைப்பைப் பிரித்தார். வெளியே வெள்ளியாக மின்னிய பட்டை, உள்பக்கம் கறுத்துக் குழி விழுந்திருந்தது. ஒரு போல்ட் விரலாலேயே சுற்றியது. வாஷர் பாதி உருகி ஒட்டியிருந்தது.

அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். "சாமி, இது நான் போட்ட போல்ட்டுதான்" என்றார் கௌசியாவிடம். "நல்ல நேரம் முடியுது, எறங்கு எறங்குன்னாரு. கையில திருகுனதோட எறங்கிட்டேன். அப்பறம் ஸ்பேனர் போட மறந்தே போச்சு சாமி."

"இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்?" என்று நான் கேட்டேன்.

"நாள் கணக்கு இல்லக்கா. ரீடிங் கணக்கு" என்றாள் கௌசியா.

முக்கால் மணி நேரத்தில் பட்டையைத் தேய்த்துப் பூட்டி, மில் ஓட ஆரம்பித்தது. அடுத்த ரீடிங்கை அண்ணன் எடுத்தார். இவ்வளவும் ஆனபிறகு பிரபாகர் சார் என்னைக் கூப்பிட்டு டைப் அடிக்கச் சொன்னது என்ன தெரியுமா? அனுமதி இல்லாமல் மில்லை நிறுத்தியதற்கும் போல்ட்டை முடுக்காமல் விட்டதற்கும் சின்னராஜுக்கு மெமோ. பொட்டைத் துடைக்கச் சொன்னவர் பெயர் அதில் எங்கேயும் இல்லை. நல்ல நேரத்துக்குக் கத்தியவர் பெயரும் இல்லை. முதலாளிக்குப் போன தனிக் கடிதத்தில், வழக்கமான பராமரிப்பின்போது மேனேஜரால் பழுது கண்டறியப்பட்டது என்று ஒரு வரி. அதையும் அடித்துக் கொடுத்தேன். ஆத்திரத்தோடுதான்.

அன்று சாயங்காலமே கௌசியாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.  திங்கட்கிழமை காலையில் அவள் மில் கேட்டில் நின்றாள். அவளை உள்ளே விடக்கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு. நான் கேட்டுக்குப் போனேன். இரண்டு தாள் கொடுத்தாள். ஒன்றில் வியாழக்கிழமை எடுத்த படமும் சனிக்கிழமை எடுத்த படமும் பக்கத்தில் பக்கத்தில். இன்னொன்றில் நடந்தது முழுவதும், யார் என்ன சொன்னார்கள் என்பதோடு. கடையின் லெட்டர்பேட் தரமாட்டேன் என்றுவிட்டார்களாம். வெள்ளைத்தாளில் தன் கையாலேயே எழுதி, பெயரும் டிப்ளமோ எண்ணும் போட்டுக் கையெழுத்திட்டிருந்தாள்.

"இதக் குடுத்தா வேலை போயிருமே கௌசியா?"

"குடுத்தா இனிமே கடைக்கு வராதேன்னு பாய் சொல்லிட்டாருக்கா. போவட்டும். அந்தண்ணனுக்கு மூஞ்சி இருக்குதுல்ல, அது போதும்."

நான் அந்தத் தாள்களில் வரவு முத்திரை குத்தி, தேதியும் நேரமும் போட்டு, பிரதி எடுத்து ஒன்றை முதலாளி அறைக்கும் ஒன்றை பிரபாகர் சார் மேஜைக்கும் நானே கொண்டுபோய் வைத்தேன். துணி கொடுத்தவள் நான் என்று அடியில் எழுதி என் கையெழுத்தையும் போட்டிருந்தேன். சார் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். 

சின்னராஜ் அண்ணனின் மெமோ கிழிபடவில்லை. எச்சரிக்கையோடு முடிந்தது. அவர் இப்போதும் மணிக்கொரு தடவை அந்தக் கதவைத் திறந்து ரீடிங் எடுக்கிறார். கௌசியாவுக்கு அந்த மாதக் கடைசியோடு வேலை போனது. பிரபாகர் சாருக்கு தீபாவளிக்குப் பதவி உயர்வு. அந்தக் கடிதத்தையும் என்னைத்தான் டைப் அடிக்கச் சொன்னார்கள். உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்களே அடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இன்னும் எனக்கு ஆறவில்லை.