சட்டியில் வெட்டிய பேர்

போன வெள்ளிக்கிழமை வாஷியில் எங்கள் புது ஃபிளாட்டில் பால் காய்ச்சினோம். வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும்... மாட்டுங்கா லேபர் கேம்ப்பை விட்டு நகர மாட்டேன் என்று எத்தனை முறை வீராப்பாக எழுதியிருக்கிறேன்! நகர்ந்துவிட்டேன். ஏழாவது மாடி, லிஃப்ட், பால்கனி. சந்தோஷம்தானே? சந்தோஷம்தான்...

முந்தின நாள் மூட்டை பிரிக்கும்போது என் பழைய எவர்சில்வர் பால் சட்டியை மருமகள் செல்வி எடுத்தாள். விளிம்பில் வெட்டியிருந்த பேரை எழுத்து எழுத்தாய்க் கூட்டினாள். பம்பாயில் படித்த பிள்ளை, தமிழ் அவ்வளவுதான்.

"பா... த்தி... முத்து. யாரு அத்தை இது? நம்ம சட்டிதானே?"

நம்ம சட்டிதான். பேர் மட்டும் பக்கத்து வீட்டுக்காரியுடையது.

கேம்ப்பில் எனக்கு அடுத்த கதவு பாத்திமுத்து. அவளும் திருநெல்வேலிப் பக்கம். ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி ரெண்டு சட்டி வாங்கிப் பேர் வெட்டச் சொன்னோம். அப்போது ரெண்டு பேருக்குமே எழுத்து தெரியாது — மாற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்!

ரேஷன் கடையில் கைநாட்டு வைக்க ரோஷப்பட்டு, பிற்பாடு நான் எழுத்துக் கூட்டக் கற்றேன். முதன்முதலில் படித்தது அந்தச் சட்டியைத்தான். 'இசக்கியம்மாள்' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 'பா' நின்றது. அடுத்த கதவுக்கு ஓடினேன்.

"ஏளா, இத்தன வருசமா உன் பேர்லல்லா பால் காய்ச்சிருக்கேன்!"

"அப்பம் நான் உம் பேர்லயா நோம்புக் கஞ்சி காய்ச்சிருக்கேன்? சரி விடு. கஞ்சி கரிச்சா இனி நீதான் பொறுப்பு."

மாற்றிக்கொள்ளவில்லை. நோன்பு மாதத்தில் என் பேர் போட்ட சட்டியில் கஞ்சி வரும். அம்மன் கொடைக்கு அவள் பேர் போட்ட சட்டியில் பொங்கல் போகும். படைத்ததை அவள் சாப்பிட மாட்டாள். அதனால் படைக்கும் முன்பே அவள் பங்கை எடுத்து வைத்துவிடுவேன். அவள் முறை அவளுக்கு, என் முறை எனக்கு. இதில் எந்தச் சாமிக்கு என்ன குறை வந்தது?

பிறகு, பம்பாய்க் கலவரத்தில் ஊர் ரெண்டுபட்ட அந்த வருஷம். அவள் வீட்டார் மான்கூர்டு பக்கம் சீத்தா கேம்ப்புக்குக் குடிபோனார்கள். யாரும் போகச் சொல்லவில்லை... இருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேனா? நானும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் இருந்தேன்.

நிற்க, சட்டிக்கு வருகிறேன். மகன் முருகன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான்.

"அம்மா, பில்டிங் சொசைட்டி ஆளுங்க எல்லாரும் வராங்க. செகரட்டரி தமிழ்க்காரரு, படிச்சிருவாரு. வீணா எதுக்குப் பேச்சு? புதுச் சட்டி வாங்கிருக்கேன்."

"படிச்சா படிக்கட்டும்லே. கேட்டா நான் பதில் சொல்லுதேன்."

"நீ சொல்லிருவ. நாளைக்கு அவங்க மூஞ்சில முழிக்கறது நான்தானே?"

கெட்டவன் இல்லை. பாத்திமுத்து மடியில் உட்கார்ந்து கஞ்சி குடித்தவன்தான். கோயிலும் பள்ளிவாசலும் ஒரே தெருவில் தைரியமாகத்தான் நிற்கின்றன. நம் அடுக்களைகளுக்குத்தான் இப்போது பயம் வந்துவிட்டது.

சாயங்காலம் பாத்திமுத்துக்குப் போன் போட்டேன்.

"வாயேன்ளா. மான்கூர்டுல ரயில் ஏறினா அடுத்த ஸ்டேஷன்தான்."

"முட்டு மடங்க மாட்டேங்குது இசக்கி. எங்க எறங்க, எங்க ஏற? நான் வராட்டி என்ன... எம் பேரு உன் வீட்டுல இருக்குல்லா? நாளைக்கு அதுலதான பால் காய்ச்சுவ?"

"ஆமா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை புதுச் சட்டியில் பால் பொங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். பேரில்லாத சட்டி, பளபளவென்று இருந்தது. அவள் சட்டி மூட்டைக்குள் கிடந்தது. புதுச் சட்டியில் பாலை ஊற்றியதும் நான்தான்.

ஐயர் அர்ச்சனைக்கு உட்கார்ந்தார். வீட்டிலுள்ளவர்கள் பேரை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். என் முறை வந்தது.

"அம்மா, உங்க பேரு?"

"பாத்திமுத்து."

முருகன் வெடுக்கென்று திரும்பினான். செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயர் நிமிரவே இல்லை.

"நட்சத்திரம்?"

அதற்கு அவள் எங்கே போவாள்? என்னுடையதைக் கொடுத்தேன்.