பந்துக்குப் பூசிய திருநீறு

என் மகளின் தொழில் இன்னது என்று கோயிலில் எவருக்கும் நான் நெடுங்காலம் தெளிவாகச் சொன்னதில்லை. "விளையாட்டுத் துறையில் பொறுப்பான உத்தியோகம்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். உண்மையில், அமெரிக்க உதைபந்து ஆடும் ஒரு தொழில்முறை அணியில் உபகரணங்களுக்கு அவள் பொறுப்பாளி. தலைக்கவசம், தோட்கவசம், பந்து எல்லாம் அவள் கையில். உதைபந்து என்பது பெயரளவில்தான். காலால் உதைப்பது அதில் அபூர்வம். முட்டை வடிவான தோற்பந்து ஒன்றை ஒருவர் எறிய, மற்றவர் பிடிக்க, ஏனையோர் பிடித்தவர்மேல் விழுவார்கள். ஏன் விழுகிறார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. விளங்காத ஒன்றில் தலையிட்டு நான் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜெர்மனியில், கொலோன் நகருக்குப் புறத்தே எங்கள் வீடு. மேல்மாடியில் மகள் தனியாக இருக்கிறாள். கீழே நானும் மனைவியும். அணியின் பந்துகளை அவள் வீட்டு நிலவறைக்குக் கொண்டுவந்து பழக்குவாள். புதுப் பந்தின் தோலில் மெழுகுப் பூச்சு இருக்கும். அது கையில் வழுக்கும். குதிரைமயிர்த் தூரிகையாலும் ஈரத்துணியாலும் நாட்கணக்கில் தேய்த்தால்தான் எறிபவர் கைக்கு அது அடங்கும். தூரிகையும் தண்ணீரும் தவிர வேறு எதையும் பந்தில் பூசக்கூடாது என்பது விதி. அமெரிக்காவிலே பந்தின் காற்றைக் களவாகக் குறைத்தார்கள் என்று ஒரு பெரிய சர்ச்சை எழுந்ததாகவும், அதற்குப் பிறகு பந்தைப் பற்றி எல்லோருக்கும் சந்தேகம் என்றும் அவள் சொல்லியிருந்தாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தப் பருவத்தில் அணி தொடர்ந்து தோற்றது. மகளுடைய ஒப்பந்தமோ ஒரே ஒரு பருவத்துக்கானது. தோற்கும் அணி முதலில் பயிற்றுநரை மாற்றும், பிறகு அவரோடு வந்த எல்லோரையும் மாற்றும் என்று அவள் ஒருநாள் தேநீர் குடித்தபடி சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது நெஞ்சில் தைத்தது. வைத்தியசாலையின் சலவைப் பிரிவில் என் காலம் முழுவதையும் கழித்தவன் நான். பிடித்த வேலை என்று ஒன்று மனிதருக்கு உண்டு என்பதையே இவளைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

ஆகவே பந்து தேய்க்க நானும் வருகிறேன் என்றேன். அவளுக்கு நேரம் மிச்சம், சம்மதித்தாள். முதல்நாள் படியில் நின்று பார்த்த மனைவி சிரித்தாள்.

"என்ர தோல் கைப்பையைப் பூசையறை வாசலிலயும் வைக்க விடமாட்டியள். இப்ப பன்னிரண்டு மாட்டுத்தோலை மடியில வைச்சுத் தடவுறியள்."

"மிருதங்கமும் தோல்தான். அதில்லாமல் பதிகம் பாடுறதோ?"

"மிருதங்கத்தை ஒருத்தரும் எறியிறேல்லை," என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

அவள் போனபின் ஒரு சிந்தனை எழுந்தது. ஒரு கருவியைக் கையில் எடுக்குமுன் நீறு சாத்துவது நம் வழக்கம். சலவை இயந்திரத்துக்குக்கூட நான் சாத்தியிருக்கிறேன். எங்கள் பழைய பதிகங்கள் நீற்றின் பெருமையைப் பாடிப் பாடி ஓயாதவை. அவற்றை ஐம்பது ஆண்டுகளாக ஓதி வருபவன் பந்தென்று பார்ப்பானா? மேலும், பசுவின் தோலுக்குப் பசுவின் சாணத்தில் விளைந்த நீறு பொருத்தம்தானே என்று எனக்கு நானே வியாக்கியானமும் சொல்லிக்கொண்டேன். விதி நினைவுக்கு வந்தது. ஆனால் அது எண்ணெய், பசை, மெழுகு ஆகியவற்றைக் குறித்தது என்று தீர்மானிக்க எனக்கு நெடுநேரம் ஆகவில்லை. பந்துக்கு ஒரு சிட்டிகை. பிறகு வழக்கம்போலத் தூரிகை.

அந்த வாரம் அணி வென்றது.

"எறியிற ஆளுக்குச் சரியான சந்தோசம் அப்பா," என்றாள் மகள். "பந்து கையில நல்லா நிக்குதாம்."

நான் கண்ணை மூடித் தலையை அசைத்தேன். அடுத்த வாரம் சிட்டிகை போதாது என்று தோன்றியது. நீரில் குழைத்து, மூன்று விரலால் ஒவ்வொரு பந்திலும் முறைப்படி சாத்தி, காயவிட்டுத் துடைத்தேன். மறுபடியும் வெற்றி. மூன்றாம் வாரம் புதுப்பொட்டலம் ஒன்றைப் பிரித்தேன்.

வெள்ளிதோறும் கோயிலில் ஒரு பாடலை எடுத்து அதன் உட்பொருளைச் சொல்வது என் பணி. முன்பு கம்பளக் கிடங்காக இருந்த மண்டபம் அது. குரல் எதிரொலிப்பதில்லை என்பதால் சற்று உரத்தே பேசுவேன். அந்த வெள்ளியன்று, தோல்வியிலேயே கிடந்த ஒரு கூட்டம் நீற்றின் அருளால் எழுந்து நின்ற அதிசயம் இந்த நகரத்திலேயே நிகழ்ந்திருக்கிறது என்று பேசினேன். யார் அந்தக் கூட்டம் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். "அது வேண்டாம்" என்று புன்னகைத்தேன். இன்னொரு தரம் கேட்கவைக்கும் புன்னகை அது. இன்னொரு தரமும் கேட்டார்கள், சொல்லிவிட்டேன்.

நான்காவது ஆட்டம் மழையில் நடந்தது. அன்றும் வென்றார்கள். ஆனால் மகள் வீட்டுக்கு வந்தபோது வென்றவர் முகமாக அது இல்லை.

"பந்தில என்னவோ பூசியிருக்காம். மற்ற அணிக்காரர் ஒருத்தர் பந்தைப் பறிக்கேக்க அவற்ற கையுறையில சாம்பல் நிறத்தில ஒட்டியிருக்கு. நடுவர் இரண்டு பந்தை எடுத்து வைச்சிட்டார். விசாரணைக்கு வரச்சொல்லி எனக்கு டெர்மின், நாளும் நேரமும் குறிச்சுத் தந்திருக்கினம்."

"நீ என்ன சொன்னனீ?"

"தூரிகையும் தண்ணியும்தான் எண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திட்டன். அதுதானே உண்மை."

வாசகர் நம்பமாட்டார்கள், ஆனாலும் சொல்கிறேன். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. "ஆர் இந்த ஈனவேலையைச் செய்தது?" என்று மேசையில் தட்டினேன். 'பூசுதல்' என்று அவள் சொன்ன குற்றத்துக்கும் நான் செய்த திருப்பணிக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது என் சித்தத்தின் எந்த மூலையிலும் படவில்லை. பழிசுமந்த அடியார்கள் எப்படிப் பொறுத்தார்கள் என்பதை அன்றிரவு உணவு முடியும்வரை அவளுக்கு விளக்கினேன். அவள் புட்டை விரலால் உதிர்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாளும் விளக்கினேன். பொய்யனைக் காலம் காட்டிக்கொடுக்கும் என்றும் ஒரு வார்த்தை சொன்னேன். அந்த வாக்கு மட்டும் உடனே பலித்தது.

மூன்றாம் நாள் விசாரணைக் குழுவிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. மகள் கைபேசியை மேசை நடுவே வைத்தாள். பந்து ஈரமாக இருந்தபோது எதுவும் தெரியவில்லையாம். நடுவரின் அறையில் காய்ந்தபோதுதான் வெளித்தோன்றியதாம். பழுப்புத் தோலில், தையலுக்குச் சற்றுக் கீழே, வெண்மையாக மூன்று கோடுகள். "கையுறை உராய்ந்த தடமாக இருக்கலாம்" என்று கீழே எழுதியிருந்தார்கள்.

மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டாள். நெடுநேரம் பார்க்கத் தேவைப்படவில்லை.

"இது இவற்ற கை."

"மூண்டு கோடெண்டால் என்ர கையோ?" என்றேன்.

"கீழ்க்கோடு கடைசியில வளைஞ்சு போகுது பாருங்கோ. சலவை மிசினில நசிஞ்ச உங்கட மோதிரவிரல் அது. நாப்பது வருசமா உங்கட நெத்தியில பாக்கிறன். எனக்குத் தெரியாதோ?"

என் நெற்றியில் அப்போதும் அந்தக் கோடுகள் இருந்தன. மகள் புகைப்படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் புகைப்படத்தைப் பார்த்தாள்.

"எத்தினை ஆட்டம்?"

"நாலு."

"நாலோ! அப்ப மூண்டு நாளா எனக்கு என்ன பிரசங்கம் செய்தனீங்கள்?"

நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். உலகத்தில் வேறு எவருக்கும் இது தெரியப்போவதில்லை என்பதும், ஜெர்மானியர் அதைக் கையுறை என்று நினைக்கிறார்கள் என்பதும் எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும்.  ஆனால் பூசப்பட்டது எது, பூசியவர் யார் என்று தெரியாவிட்டால் பழி மகள்மேல்தான் நிற்கும். கையெழுத்திட்டவள் அவள்.

"போய்ச் சொல்லுங்கோ," என்றாள் மனைவி. "வெள்ளிக்கிழமையில வாய் நல்லாத்தானே வேலை செய்யுது."

விசாரணை அறையில் மூவர் இருந்தார்கள்: தலைமை வகித்த ஒரு பெண் வழக்கறிஞர், ஓய்வுபெற்ற நடுவர் ஒருவர், குறிப்பெடுக்க ஓர் இளைஞர். என் ஜெர்மன் சலவை அறையில் கற்ற ஜெர்மன். அழுக்கையும் அவசரத்தையும் சொல்ல வல்லது, சமயத்தைச் சொல்ல வல்லதன்று. எனவே பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தேன். இது என்ன என்றார்கள். சாம்பல் என்றேன். எதன் சாம்பல் என்றார்கள். சொன்னேன். குறிப்பெடுத்தவர் எழுதுவதை நிறுத்தி, இன்னொரு முறை சொல்லமுடியுமா என்று பணிவோடு கேட்டார். பசுவின் சாணம், எரித்தது, சலித்தது என்று நான் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, அவர் அப்படியே எழுதிக்கொண்டார். என் வாழ்நாளில் நீற்றைப் பற்றி நான் சொன்னவற்றுள் எழுத்தில் பதிவானது அது ஒன்றே.

நடுவர் ஒரு சிட்டிகையை விரல்களுக்கிடையே தேய்த்து, முன்னாலிருந்த பந்தை எடுத்துப் பிடித்துப் பார்த்தார். "மோசமில்லையே" என்றார். தலைமை வகித்தவர் அவரைப் பார்த்த பார்வையில் பந்து கீழே இறங்கியது.

பிறகு அந்த அம்மையார் என் பக்கம் திரும்பினார். குரல் கனிந்திருந்தது. இது ஒரு சமயச் சடங்கு மட்டும்தானா, அல்லது பந்து கையில் நன்றாக நிற்கவேண்டும் என்பதற்காகவா என்று கேட்டார். சடங்கு மட்டுமே என்றால் அதை வேறு விதமாகப் பார்க்கலாம் என்றும் சொன்னார். எவ்வளவு அகலமான கதவு! மகள் எனக்குப் பக்கத்தில் நேராக அமர்ந்திருந்தாள். "ஆம், சடங்குதான்" என்று சொல்லி வெளியேறியிருக்கலாம். கோயிலில் எவரும் அதைப் பொய் என்றிருக்கமாட்டார்கள். ஆனால் சிட்டிகையாக இருந்தது பொட்டலமாக மாறிய காரணம் எனக்குத் தெரியும். பந்து கையில் நிற்கிறது என்ற சொல் என் காதில் விழுந்த பிறகே நான் குழைக்கத் தொடங்கினேன். ஆண்டவனுக்குச் சாத்துபவன் அளவைக் கூட்டுவதில்லை.

"முதல் வாரம் வழிபாடு," என்றேன். "மற்ற மூன்று வாரமும் அவர்கள் வெல்லவேண்டும் என்பதற்காக. மகளுக்கு எதுவும் தெரியாது."

 முடிவைக் கடிதத்தில் அனுப்புவோம் என்றார்கள்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் ஏறியபின் மகள் பேசினாள்.

"முன்னமே கேட்டிருந்தா நான் வேண்டாம் எண்டிருப்பன். அது உங்களுக்குத் தெரியும், என்ன?"

"ஓம்."

"தெரிஞ்சுதான் கேக்கேல்லை."

"ஓம்."

விசாரணை அறையில் என்னால் சொல்லமுடிந்ததைவிடக் கடினமாக இருந்தது அந்த இரண்டாவது ஓம்.

"பந்து மட்டுமில்லை, அப்பா. நான் நித்திரையில இருக்கேக்க வந்து நெத்தியில பூசிப்போட்டுப் போவியள். பள்ளிக்கூடத்தில பிள்ளையள் கேட்டுத்தான் எனக்கே தெரியும். இப்பவும் சப்பாத்துக் கட்டக் குனியேக்க பூசுறியள். ஒருநாளெண்டாலும் கேட்டிருக்கிறியளோ?"

அருள் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்று ஒரு விடை நாவில் வந்தது. மிக அழகான விடை. விழுங்கிவிட்டேன்.

அடுத்த வெள்ளியன்று கோயிலில் எழுந்து நின்று, முன்பு சொன்ன அதிசயம் அதிசயமன்று, விதிமீறல், அதைச் செய்தவன் நான் என்று அறிவித்தேன். தலைகுனிந்து நின்றவனிடம் எங்கள் ஊர்த் தமிழர் நடத்தும் கிரிக்கெட் கழகத்தின் செயலாளர் மெல்ல வந்தார். "அண்ணை, அது உண்மையா வேலை செய்ததோ? எங்கட பந்துக்கு எத்தினை தரம் பூசவேணும்?" என்று கேட்டார். மனந்திருந்தியவன் என்ற பெருமையும் எனக்குக் கிட்டவில்லை.

கடிதம் வந்தது. மழைநாள் வெற்றி கழிக்கப்பட்டது. பந்துகளை வெளியாள் தொடவிட்டதற்காக மகளுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. அவள் பூசவில்லை என்பதையும், வாக்குமூலத்தில் பொய் இல்லை என்பதையும் ஒரே வரியில் ஏற்றிருந்தார்கள். அந்த வரியை வைத்துத்தான் அணி நிர்வாகம் பருவ முடிவில் அவளை இன்னும் ஓராண்டுக்கு வைத்துக்கொண்டது. பந்துகள் இப்போது மைதானத்தில் பூட்டிய அறையிலேயே இருக்கின்றன. அவற்றைத் தேய்க்க அவள் மாலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாக நிற்கிறாள். அதுவும் என் கைங்கரியம்.

புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தன்று காலை, அவள் வாசலில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் நீற்றுக் கிண்ணத்தோடு சற்றுத் தள்ளி நின்றேன்.

"பூசட்டோ?" என்றேன். எழுபது வயதுக்குப் பிறகு ஒரு புதுச் சொல்லைக் கற்றவன்போல நாக்குத் தடுமாறியது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள். "இண்டைக்கு வேண்டாம்," என்று சொல்லி, பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அன்று அவர்கள் பெரிய வித்தியாசத்தில் வென்றார்கள்.

இப்போது ஒவ்வொரு ஆட்டத்தன்றும் கேட்கிறேன். சில நாள் "ஓம், கெதியாய்" என்று அவசரமாக நெற்றியை நீட்டுவாள். சில நாள் வேண்டாம் என்பாள். அந்த விடைக்கும் அன்றைய வெற்றி தோல்விக்கும் ஏதாவது ஒழுங்கு உண்டா என்று நான் கவனித்து வருகிறேன். இதுவரை எதுவும் தென்படவில்லை. கவனிப்பதை நிறுத்தவும் என்னால் இன்னும் முடியவில்லை.