காடை முட்டைக்கு ஒரு வட்டம்

எங்கள் அண்ணிக்குக் காட்டில் தீ வைப்பதுதான் வேலை. சிரிக்காதீர்கள். கோடைக்கு முன்பே காய்ந்த புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிட்டால் பெருந்தீ வராது. எங்கள் சனம் காலங்காலமாகச் செய்வது. நடுவில் வனத்துறை தடுத்தது. காடு இரண்டு முறை கருகியது. பட்டபிறகு புத்தி வந்து, ஓர் ஆராய்ச்சிக்காரம்மாவை அனுப்பிக் கூட்டு வேலை என்றார்கள். அந்த அம்மா காற்றையும் ஈரத்தையும் கருவியில் அளந்து நாள் சொல்லும். அண்ணி புல்லுக்குள் நடந்து, முட்டையோடு காடைக் கூடு இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால், எங்கள் வழக்கப்படி அங்கே தீ கிடையாது. இரண்டு பேரும் தலையசைத்தால்தான் பந்தம் பற்றும்.

"காட்டையே கொளுத்துறா, வீட்டு அடுப்பப் பத்தவைக்க மட்டும் என்னைக் கூப்புடுறா" என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

போன வருடம் கருவி சரி என்றது. ஆனால் மலைச்சரிவில் ஒரு காடைக் கூட்டில் முட்டைகள் இருந்தன. "குஞ்சு பொரிக்கட்டும் மேடம், பொறுப்போம்" என்றாள் அண்ணி. காற்று மாறினால் கஷ்டம் என்று இழுத்தாலும் அந்த அம்மாவும் ஒத்துக்கொண்டது. காற்று மாறியது. எங்கிருந்தோ வந்த தீ அந்தப் புல்லைப் பிடித்து மேலே ஏறியது. அணைக்கப் போன அண்ணன் திரும்பவில்லை. காடையும் தப்பவில்லை.

"முட்டையக் காப்பாத்தப் போயி என் அண்ணனை வாரிக் குடுத்துட்டியே, பாவி!" என்று சாவு வீட்டிலேயே கத்தினேன். அவள் எழுந்து, வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

இந்த வருடம் போகமாட்டாள் என்று நினைத்தோம். முதல் ஆளாய்ப் போய் நின்றாள். அண்ணனுடைய தண்ணீர்ப் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் போனேன். வேறு யாரும் வரவில்லை. கருவி சரி என்றது. அதே சரிவில் கூடு, உள்ளே முட்டை.

ஆராய்ச்சிக்காரம்மா முகம் வெளுத்துவிட்டது. "நீங்களே சொல்லுங்கக்கா. நான் வாயத் தொறக்கல."

அண்ணி என்னைப் பார்த்தாள். "வைக்கலாம்" என்றாள். பிறகு மண்வெட்டியை எடுத்து, கூட்டைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்கினாள்.

"இவ்வளவு போதுமா மேடம்?"

"இன்னும் கொஞ்சம் அகலமா வேணும்க்கா."

மூவருமாகச் செதுக்கினோம். பந்தத்தை அவளே வைத்தாள்.

தீ வட்டத்தைத் தொடாமல் போய் ஓடைக்கரையில் அடங்கியது. முட்டைகள் அப்படியே இருந்தன. தாய்க் காடைதான் வரவில்லை. பொழுது சாய்ந்தது.

"வா அண்ணி, போலாம். அது இனிமே வராது."

"வரும்டி. கொஞ்சம் இரு."

போன வருடமும் சாம்பல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, அண்ணனுக்காக என்னிடம் இதையேதான் சொன்னாள். நான் பம்பை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.