நாலு முடிச்சு

எங்கள் வீட்டில் தையல் மெசினுக்கு எண்ணெய் விடுவது என் வேலை. தைப்பது அம்மா. எண்ணெய்ப் போத்தலை வேறு யாரும் தொட்டால் எனக்குக் கோபம் வரும். பத்து வயதில் அதைப் பெரிய பதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் பொங்கலுக்கு எங்கள் ஊர்க் கடற்கரையில் பட்டம் ஏற்றி, அதிலிருந்து ஒரு பரசூட் இறக்கப்போவதாகச் சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பழைய குடைத்துணியில் அம்மா தைத்துக் கொடுத்தார். எட்டு நைலோன் கயிறுகள் ஒரு வட்டப் பலகையின் துளைகளுக்குள்ளால் இறங்கி, அடியில் முடிச்சிடப்பட்டிருந்தன. பலகைக்குக் கீழே ஒரு பை நிறைய ரொபி, பிள்ளைகளுக்குப் பிடித்த இனிப்பு. சிறுபிள்ளை விளையாட்டு என்று அப்பா சிரித்தார். ஆனால் பொங்கல் கழிந்ததும் சித்தப்பாவைத் தன் மீன்பிடி வள்ளத்தில் வேலைக்குச் சேர்ப்பதாகச் சொல்லியிருந்த சம்மாட்டியாரும் பார்க்க வருவதாக இருந்தது. சித்தப்பா இரண்டு வருடமாகக் காத்திருந்த இடம் அது.

இரண்டு தரம் இறக்கிப் பார்த்ததிலேயே துளைகளில் உராய்ந்து கயிறுகள் பிசிறத் தொடங்கின. மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரிக் கட்டையால் சித்தப்பா நாலு கயிறுகளைத் தேய்த்துவிட்டு, மிச்ச நாலுக்கும் பூசச் சொல்லிக் கட்டையை என்னிடம் தந்தார்.

"உராயிற இடத்துக்கு மட்டும் பூசு பிள்ளை. முடிச்சிலை பட்டா வழுக்கும்."

ஓம் என்று தலையாட்டினேன். ஐந்தாவது கயிற்றைத் தொடும்போதே கட்டை உடைந்து தூளாகிப் போனது. கோயில் வரை நடக்கப் பஞ்சியாக இருந்தது. கைக்கெட்டிய இடத்தில் என் எண்ணெய்ப் போத்தல் இருந்தது. மிச்ச நாலு கயிற்றுக்கும் மேலிருந்து கீழ்வரை, முடிச்சையும் விடாமல், தாராளமாகப் பூசினேன். கயிறுகள் பளபளத்தன. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பரசூட் அழகாகத்தான் விரிந்தது. கரை முழுக்கக் கைதட்டியது. அடுத்த கணம் ஒரு பக்கத்து நாலு கயிறுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் துளையை விட்டு உருவிக்கொண்டு போயின. பை கவிழ்ந்தது. ரொபி அத்தனையும் கரையில் நின்ற சம்மாட்டியாரின் வள்ளத்துக்குள்ளேயே கொட்டியது.

எல்லோரும் சிரித்தார்கள். சம்மாட்டியார் சிரிக்கவில்லை. விழுந்து கிடந்த பலகையைத் தூக்கிப் பார்த்தார்.

"நாலு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியாதவனை நம்பி வலையைக் குடுக்கிறதே?"

சித்தப்பா பலகையை வாங்கினார். உருவிய கயிற்றின் நுனியை விரல்களுக்கிடையில் தேய்த்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

"ஓம். என்ரை பிழைதான்."

நான் இரண்டடி தள்ளி நின்றேன். வெட்கம்கெட்டவள், தப்பிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் ரொபியும் பொறுக்கித் தின்றேன். சித்தப்பாவை அந்தக் கரையில் எவரும் தொழிலுக்கு எடுக்கவில்லை. முடிச்சுத் தெரியாதவன் என்ற பேர் அவருக்கு முன்னாலேயே எல்லா வள்ளத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. இப்போது வவுனியாவில் ஒரு கடையில் சீமெந்து மூட்டை இறக்குகிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கு ரொபி வாங்கி வருவார். முப்பது வயதை நெருங்குகிறவளுக்கு எதற்கு என்று அம்மா சிரிப்பார்.

அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்த எண்ணெய் வாசம் எங்கள் வீட்டில் என் கையில் மட்டும்தான் இருந்தது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.