கரை ஒதுங்கியவர்களின் வாக்குமூலம்

ஜவ்வாது மலையில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்தும் ஆசிரியை, தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை மெய்ப்புப் பார்க்க என்னிடம் கொடுத்தார். நாளிதழ் ஒன்றில் முப்பது ஆண்டுகள் செய்தி திருத்திவிட்டு ஆலங்காயத்தில் குடியேறியவன் நான். அவர் சாமை விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். கடலை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறார். ஆய்வோ, புயலில் திசைமாறி அந்நியக் கரையில் ஒதுங்கிய பழைய கிழக்காசியக் கப்பல்களைப் பற்றியது.

அந்தக் காலத்துச் சீனாவிலும் கொரியாவிலும் ஜப்பானிலும் இதற்கு ஒரு நடைமுறை இருந்தது. ஒதுங்கியவர்களுக்குச் சோறும் துணியும் கொடுப்பார்கள். எந்த ஊர், என்ன சரக்கு, எத்தனை நாள் மிதந்தீர்கள் என்று அதிகாரி கேட்பார். பேச்சு புரியாவிட்டால், எழுதத் தெரிந்த இருவர் சீன எழுத்தில் தாளில் எழுதிக் காட்டிக்கொள்வார்கள். பிறகு ஊருக்கு அனுப்பிவைப்பார்கள்.

ஆய்வின் உயிர் நான்காம் இயல். ஜப்பானுக்குத் தெற்கே இருந்த ரியூக்யூ தீவுகளின் அரசு சீனப் பேரரசருக்குத் திறை செலுத்தியது. கூடவே ஜப்பானியப் பிரபு ஒருவருக்கும் அடங்கியிருந்தது. சீனாவிடம் இரண்டாவதைச் சொல்ல முடியாது. அதனால் சீனக் கரையில் ஒதுங்கும் தீவுக்காரர்கள் ஜப்பானியக் காசை ஒளித்துவிட்டு, முன்பே பழகிவைத்த பதிலைச் சொன்னார்கள். ஆசிரியை அவர்களுடைய வாக்குமூலங்களுக்குப் பக்கத்தில், கொரிய மீனவர் மூவரின் வாக்குமூலங்களை வைத்திருந்தார்.

வேலூரில் ஆய்வேட்டை ஒப்படைக்கக் கடைசி நாள் அன்று காலை, ஆலங்காயத்தில் பைண்டிங் கடையில் சந்தித்தோம். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மாலை ஐந்து மணி தாண்டினால் ஏழு ஆண்டு உழைப்பு போய்விடும். அவர் நின்றபடியே நான்காம் இயலைப் புரட்டினார்.

"இன்னா சார் இது? மூணு பேருமே பதிமூணு நாளுன்றாங்க?"

"ஒருத்தர் பதினொண்ணு, ஒருத்தர் பதிமூணுன்னு இருந்துச்சு. தட்டச்சுப் பிழைன்னு நெனச்சி ஒண்ணாக்கிட்டேன்."

"அரிசி என்னிக்குத் தீந்ததுன்றதையுமா?"

"அதையும்தான்."

கடைக்காரர் சிரித்தார். "வாத்தியாரம்மாவுக்கே கணக்கு சொல்லிக் குடுத்துட்டீங்களா சார்?"

ஆசிரியை கோபப்படவில்லை. தாள் கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"எங்க ஊர்ல ஒரு பொண்ணு இஷ்டப்பட்டவனோட போய்ட்டான்னு வைங்க. பொண்ணு வூட்டுக்காரங்க பையன் ஊருக்குத் தேடி வருவாங்க. எந்த வூட்ல கேட்டாலும், 'புளி உலுக்கப் போய்ட்டோம், யாரையும் பாக்கல'ம்பாங்க. ஒரு வார்த்த மாறாது. அதுலயே அவங்களுக்குப் புரிஞ்சிடும். நெசமா பாக்காதவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்களே."

"புரிஞ்சிக்கிட்டு?"

"டீ குடிச்சிட்டுப் போய்டுவாங்க. புரிஞ்சிடுச்சின்னு காட்டிக்கினா சண்ட போட்டே ஆவணுமே சார்!"

அவருடைய இயல் சொன்னதும் அதுதான். உண்மையாகத் தத்தளித்த கொரியர்கள் முரண்பட்டார்கள். தீவுக்காரர்கள் முரண்படவே இல்லை. சீன அதிகாரி அதைக் கவனித்திருப்பார், கேளாமல் விட்டதால்தான் இரு அரசுகளுக்கும் சங்கடம் வரவில்லை என்பது அவர் வாதம். நான் கொரியர்களையும் ஒரே குரலில் பேசவைத்து, ஆதாரத்தை அழித்திருந்தேன். பேருந்து விபத்தைப் பார்த்த மூன்று பேர் வண்டிக்கு ஒரே நிறத்தைச் சொன்னால் சந்தேகப்படக் கற்றவன்தான் நான். ஆனாலும் செய்தி திருத்த மேசையில் உட்கார்ந்ததும், அந்த மூவரையும் ஒத்துப்போகவைப்பதே என் வேலையாக இருந்திருக்கிறது.

அவர் நோட்டைத் திறந்து எண்களைப் படித்தார். கடைக்காரரின் கணினியில் நான் திருத்தினேன். பாதி இடங்களில் அவர் நோட்டைப் பார்க்கவே இல்லை. எந்த மீனவர் எந்த நாளைச் சொன்னார், யாருக்கு மழை நினைவிருந்தது, யாருக்கு இல்லை என்பதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல் வந்தது. பன்னிரண்டரைக்குப் பைண்டிங் முடிந்தது. ஐந்துக்குப் பத்து நிமிடம் முன்பு, ஒப்படைத்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து வாய்மொழித் தேர்வு. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நான்காம் இயலைத் திறந்து, "மீனவர்கள் சொல்லும் நாட்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றனவே, மெய்ப்புப் பார்த்தவர் கவனிக்கவில்லையா?" என்று கேட்டார்.

ஆசிரியை என் பக்கம் திரும்பவில்லை.

"கவனிச்சாருங்க ஐயா. அப்படியே இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். காரணம் அடுத்த பக்கத்துல இருக்குதுங்க."

தேர்வாளர் பக்கத்தைத் திருப்பினார்.