அப்பாவின் அடக்க வீடியோவில் பதினோரு நிமிடம்

பேய், ஆவி வகையறாக்களோடு எனக்கு எந்தக் காலத்திலும் பேச்சுவார்த்தை கிடையாது. கடவுளையே நான் ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிப் பூசையில் மட்டும்தான் நம்புகிறவன், அதிலும் பிரசங்கம் நீண்டால் வெளியே வந்து பைக்கின் மேல் உட்கார்ந்துவிடுவேன். ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவில் யாருக்காவது காத்துக் கருப்பு என்று கேள்விப்பட்டால் முதலில் கேலி செய்கிறவன் நான்தான். அதனால் நான் இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமே இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்நேரம் சிரித்து முடித்திருப்பேன்.

வீடியோக்காரர்கள் எல்லாம் டிவிடிக்கு மாறிவிட்டு, வீடுகள் இன்னும் மாறாமல் இருந்த சமயம் அது. கல்யாணம், பிள்ளைகளின் புதுநன்மைப் பூசை, அடக்கம் எதுவானாலும் டிவிடியில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், வீட்டில் இருப்பதோ பழைய விசிடி பிளேயர், தட்டை உள்ளே தள்ளினால் ஏதோ கசந்ததைத் தின்றதுபோல வெளியே துப்பிவிடும். நான் ஒரு மருந்துக் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். ஆனால் தெருவில் எனக்குப் பெயர் சிடி பீட்டர். வீட்டுக் கம்ப்யூட்டரில் டிவிடியைப் போட்டு, அதைச் சுருக்கி, இரண்டு மணி நேரப் படத்தை ஒரே சிடியில் அடக்கிக் கொடுப்பேன். அடக்கும்போது கதாநாயகியின் கன்னம் தரை ஓடு பதித்த மாதிரி கட்டம் கட்டமாகத் தெரியும். யாராவது குறை சொன்னால், "ரெண்டு சிடி போட்டா நடுவுல எந்திரிச்சு மாத்தணும், உனக்கு முட்டி வலி இருக்குல்ல" என்பேன். போய்விடுவார்கள்.

இதில் ஒரு வேலைமுறை உண்டு, அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். சாஃப்ட்வேர் படத்தை இரண்டு தடவை ஓட்டும். முதல் தடவை எதையும் எழுதாது, சும்மா உட்கார்ந்து பார்க்கும். எந்த இடத்தில் அசைவு அதிகம், எந்த இடத்தில் குறைவு என்று குறித்துக்கொள்ளும். சண்டைக்காட்சி என்றால் நிறைய இடம் ஒதுக்கும். சும்மா சுவரைக் காட்டிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஒதுக்காது. இரண்டாவது தடவைதான் சுருக்கி எழுதும். அந்தக் குறிப்பை ஒரு கோடாக வரைந்து காட்டும், அசைவு இருந்தால் மேடு, இல்லாவிட்டால் சமதரை. மனிதர்களைவிட அது கவனமாகப் படம் பார்க்கும் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அந்தப் பெருமைதான் என்னைத் தின்றது.

அப்பா இறந்துபோனார். என் தம்பி சவரி அதற்கு மூன்று வருஷம் முன்பே வீட்டைவிட்டுப் போயிருந்தான். லதா என்று ஒரு பெண்ணை, கோவிலுக்கும் சொல்லாமல் எங்களுக்கும் சொல்லாமல், ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு ஜீவனஹள்ளியில் குடியேறிவிட்டான். "நான் செத்தாலும் என் மூஞ்சியில முழிக்காதே" என்று அப்பா சொல்லியிருந்தார். அவன்தான் அப்பாவின் செல்லம், அதனால்தான் அவ்வளவு கோபம். என்மேல் அப்பாவுக்குக் கோபமே வராது. யோசித்துப் பார்த்தால் அது ஒன்றும் பெரிய மரியாதை இல்லை.

அடக்கத்தன்று காலையில் நல்ல மழை. அப்பாவைப் பெட்டியில் கிடத்தி ஹாலில் வைத்திருந்தோம், அவருடைய மூக்குக்கண்ணாடியையும் போட்டுவிட்டிருந்தோம், அது இல்லாமல் அவர் முகம் யாரோ மாதிரி இருந்தது. வாசலில் போட்டிருந்த சாமியானாப் பந்தலில் தண்ணீர் தேங்கி வயிறு தொங்கிவிட்டது. கிழியப்போகிறது என்று யாரோ கத்த, ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் உட்பட மொத்த வீடும் வெளியே ஓடி, ஆளுக்கொரு துடைப்பக்கட்டையால் சாமியானாவை முட்டுக்கொடுத்துத் தூக்கிப் பிடித்திருக்கிறது. வீடியோக்காரனும் கால்மாட்டில் ஸ்டாண்டில் ஓடிக்கொண்டிருந்த கேமராவை அப்படியே விட்டுவிட்டு, வெளியே நனையும் தன் லைட்டைக் காப்பாற்ற ஓடியிருக்கிறான். நான் அங்கே இல்லை, குழி விஷயமாகக் கல்லறை ஆபீசில் இருந்தேன். ஆக, என் அப்பா பதினோரு நிமிடம் ஹாலில் தனியாகக் கிடந்தார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, வீட்டில் சாப்பாடு நடக்கும்போது சவரி வந்து வாசற்படியில் நின்றான். பந்தியில் இருந்தவர்கள் கை அப்படியே நின்றது. அம்மா உள்ளே இருந்தபடியே கேட்டாள்.

"எதுக்கு வந்தே? அன்னிக்கு வரல, இன்னிக்கு பிரியாணி வாசனை வந்துச்சா?"

"வந்தேம்மா. பின்னால சமையல்ரூம் வழியா வந்தேன். நீங்க எல்லாரும் சாமியானாவைப் புடிச்சிக்கினு இருந்தீங்க. அப்பா கண்ணாடி கோணலா இருந்துச்சு, நான்தான் நேரா வெச்சேன்."

"ஓ, கண்ணாடிக் கடைக்காரனா வந்தியா?" என்றேன் நான். இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "பீட்டரு, வீடியோ உங்கிட்டதான இருக்கு? முழுசாப் பாரு. இவன் அதுல இருந்தான்னா, இன்னிலேர்ந்து இந்த வீட்டுல இவனுக்கு ஒரு தட்டு உண்டு, அவளையும் கூட்டிக்கினு வரட்டும். இல்லேன்னா எனக்கு ஒரே புள்ளை."

ஒரே புள்ளை. முப்பத்தாறு வயதில் எனக்கு அந்த வார்த்தை கொஞ்சம் இனித்தது, பொய் சொல்வானேன்.

அடுத்த சனிக்கிழமை காலையில் டிவிடியைப் போட்டேன். எப்படியும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சிடி போட்டுத் தர வேண்டியிருந்தது. அந்தப் பதினோரு நிமிடத்தை முதலில் ஓட்டிப் பார்த்தேன். ஹால், பெட்டி, அப்பா, இரண்டு மெழுகுவர்த்தி. ஒரு ஆள் இல்லை, ஒரு நிழல் இல்லை. சவரி பொய் சொல்லியிருக்கிறான். சரி என்று சுருக்குகிற வேலையை ஓடவிட்டுச் சாப்பிடப் போனேன். நாலு மணிக்கு வந்து பார்த்தால் முதல் ஓட்டம் முடிந்து, கோடு வரைந்து வைத்திருக்கிறது. கோவிலில் சின்ன மேடு. கல்லறைக்குக் கூட்டமாக நடந்துபோனது நடுத்தர மேடு. யாருமே இல்லாத அந்தப் பதினோரு நிமிடத்தின் நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிய மலை.

தட்டில் கீறல் என்று நினைத்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, என் நல்ல பனியனால் துடைத்து மறுபடி ஓட்டினேன். அதே மலை. ஆபீசில் மஞ்சுநாத் என்று ஒருவன், என்னைவிட முற்றிய கம்ப்யூட்டர் பைத்தியம், ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கே தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, வேறு சாஃப்ட்வேரில் ஓட்டச் சொன்னேன். திங்கட்கிழமை தட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

"பீட்டர் குரு, அம்புக்குறி போட்டுப் பாத்தியா நீ?"

"என்ன அம்புக்குறி?"

"அசைவு எந்தப் பக்கம் போவுதுன்னு படத்து மேலயே குட்டி குட்டி அம்பா காட்டும்ல, அது. நீ பாரு. எனக்கு வேணாம்பா, நான் புள்ளகுட்டிக்காரன்."

பார்த்தேன். அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தேன். பட்டப்பகல், ஜன்னல் திறந்திருக்கிறது, பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸி ஓட்டுகிறார்கள், அப்படித்தான் பார்த்தேன். வெளிச்சம் குறைவான படத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி புள்ளிகள் அலையும், அது எனக்குத் தெரியும், ஆனால் அது படம் முழுக்கப் பரவி இருக்கும். இது அப்படி இல்லை. சமையலறை வாசலில் கொத்தாகத் தொடங்கியது, ஒரு ஆள் அகலம், ஒரு ஆள் உயரம். உள்ளே யாருமே இல்லாத அந்த வடிவத்தில் அம்புகள் மெதுவாகப் பெட்டிப் பக்கம் நகர்ந்தன. தலைமாட்டில் நின்றன. ரொம்ப நேரம் நின்றன. பிறகு குனிந்தன. அம்பு எப்படிக் குனியும் என்று கேட்காதீர்கள், எல்லாம் ஒன்றாகக் கீழ்நோக்கித் திரும்பின, அப்பாவின் முகத்துக்கு மேலே பொடிப்பொடியாக நடுங்கின. அதன்பின் சமையலறைப் பக்கமே திரும்பிப் போய்விட்டன.

அப்பாவின் கண்ணாடியைப் பார்த்தேன். தொடக்கத்தில் இடது பக்கம் சரிந்திருக்கிறது. முடிவில் நேராக இருக்கிறது. ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்தி நகர்த்தினேன். ஒரு படத்தில் கோணல், அடுத்த படத்தில் நேர். நடுவில் எந்தக் கையும் இல்லை.

சவரி உயிரோடு இருக்கிறான், ஜீவனஹள்ளியில் டாக்ஸி ஓட்டுகிறான், முந்தின வாரம் வாசலில் நின்றான். செத்தவன் படத்தில் தெரியாவிட்டால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. உயிரோடு இருக்கிறவன் ஏன் தெரியவில்லை?

அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள். "பார்த்தியாடா? இருந்தானா?"

கண்ணாடி நேரானது எனக்குத் தெரியும். அவன் வந்தான் என்பதும் தெரியும். ஆனால் என்ன சொல்வது, ஆளைக் காணோம், அம்பு மட்டும் வந்தது என்றா? ஊரையே கேலி செய்தவன் நான், என்னை விடுவார்களா? இது பாதிக் காரணம். மீதிப் பாதியை அந்த 'ஒரே புள்ளை'யிலேயே சொல்லிவிட்டேன்.

"இல்லம்மா," என்றேன். "அவன் அதுல நடிக்கவே இல்ல. கடைசியில பேர் போடறப்பகூடக் காணோம்."

அம்மா சிரிக்கவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னாள். அதன்பின் ஒன்பது வருஷம் இருந்தாள், ஒரு தடவைகூட அவன் பெயரை எடுக்கவில்லை. சவரி இரண்டு முறை குழந்தையோடு தெருமுனைவரை வந்துவிட்டுத் திரும்பிப் போனதாகச் சொன்னார்கள். கடைசி வாரத்தில் அம்மா நினைவில்லாமல் கிடந்தபோது ஒரு ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சவரி" என்றாள். நான் "ம்" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன ஜோக்குகளிலேயே மட்டமானது அந்த "ம்"தான்.

அம்மாவின் அடக்கம் முடிந்த மறுவாரம் ஜீவனஹள்ளிக்குப் போனேன். லதா காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன், மலை, அம்பு, கண்ணாடி, அம்மாவிடம் சொன்ன பொய், எல்லாம். சவரி அடிப்பான் என்றுதான் எதிர்பார்த்தேன், அதற்காக என் கண்ணாடியைக்கூடக் கழற்றிப் பையில் வைத்திருந்தேன். அவன் காப்பியை முழுசாகக் குடித்து முடித்தான்.

"வீடியோவுல தெரியலைன்னா என்னண்ணா? நீதான் நேர்லயே பாத்தியே."

"நானா?"

"ஹால்ல பீரோகிட்ட நின்னுக்கினு இருந்தியே. நான் உள்ள வந்தப்போ என்னை நல்லாப் பாத்தே. ஒரு வார்த்தை பேசுவேன்னு நினைச்சேன். நீ லேசா ஒரு சிரிப்புச் சிரிச்சிட்டு, சுவர் பக்கமா மூஞ்சியைத் திருப்பிக்கினே. அதனாலதான் அம்மா வர்றவரைக்கும் நிக்காம போயிட்டேன். இல்லேன்னா நின்னிருப்பேன்."

"டேய், நான் அப்போ கல்லறை ஆபீஸ்ல இருந்தேன்டா. ரிஜிஸ்டர்ல என் கையெழுத்து இருக்கு."

அவன் சண்டை போடவில்லை. காலி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பிடுணா, விட்டுத் தள்ளு, இப்ப அதெல்லாம் எதுக்கு," என்றான்.

கல்லறை ஆபீசுக்கு மறுநாளே போய் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். கையெழுத்து என்னுடையதுதான். நான் அங்கேதான் இருந்தேன். ஆனால் அவன் சொன்ன அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதை நடித்துக்காட்டக்கூடச் செய்தான், வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே போகிற சிரிப்பு, அது என்னுடையது. அவனைப் பார்த்திருந்தால் நான் அப்படித்தான் சிரித்திருப்பேன், அப்படியேதான் திரும்பிக்கொண்டிருப்பேன்.

அன்று நான் சமையலறைப் பக்கத்திலிருந்து வந்த அம்புகளை மட்டும்தான் பார்த்தேன். பீரோ படத்தின் வலது ஓரத்தில் இருக்கிறது, அங்கேயும் அம்பு இருந்ததா என்று அந்தப் பக்கம் கண்ணே போகவில்லை. டிவிடி இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இப்போதைய மெஷினில் மொத்தப் படத்துக்கும் அம்பு போடப் பத்து நிமிடம்கூட ஆகாது. இன்றுவரை அதை நான் உள்ளே போடவில்லை.